பக்கத்து நோட்டைப் பார்க்கும் பையன்

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் 38 பிள்ளைகள். அவர்களில் எட்டு வயதுப் பையன் ஒருவன், நான் எதைச் சொன்னாலும் பக்கத்தில் இருப்பவனின் நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், சிரிப்பான், பதில் வராது. படம் வரைவதிலும் எதையாவது கழற்றி மாட்டுவதிலும் அவனை மிஞ்ச ஆள் இல்லை. பிடிவாதம் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால்தான் இப்படி என்று யாரோ சொல்ல, பெற்றோர் ஒரு மொழியை நிறுத்திவிட்டார்கள். அதே வகுப்பில் ஒரு சிறுமியும் இருக்கிறாள். வீட்டில் ஓயாமல் பேசுவாளாம். இங்கே ஓராண்டாக ஒரு சொல்லும் பேசியதில்லை. இருவரையும் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடலாமா என்று நிர்வாகம் கேட்கிறது. எங்கள் பள்ளியில் பேச்சுப் பயிற்சி தருபவர் யாரும் இல்லை. இவர்களை எப்படிப் பேச வைப்பது?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தப் பக்கத்து நோட்டில்தான் என் கண் நின்றது. பார்த்து எழுதுகிற பிள்ளை சோம்பேறி என்று நமக்குள் ஒரு தீர்ப்பு ஊறிப்போயிருக்கிறது. பேச்சு மொழிச் சிகிச்சையாளராகப் பல வகுப்பறைகளின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தவள் என்ற முறையில் எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. காதில் விழுந்தது புரியாதபோது கண்ணால் புரிந்துகொள்ள அவனாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். அந்த வழியை அவனிடமிருந்து பறித்துவிடாதீர்கள். தனியாக உட்கார வைக்கவும் வேண்டாம்.

கடிதத்தை மட்டும் வைத்து அவனுக்கு என்ன என்று நான் பெயர் சூட்ட முடியாது. முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். கை தட்டினால் திரும்பிப் பார்க்கிறான் என்பதை வைத்துக் காது நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறு வாரம் மந்தமாக இருக்கும். சத்தம் கேட்கும், சொற்களின் ஓரங்கள் மழுங்கிப்போகும். காது மூக்குத் தொண்டை மருத்துவரையும் செவித்திறன் நிபுணரையும் பார்த்த பிறகுதான் மற்ற பேச்செல்லாம்.

காதில் குறை இல்லை என்று தெரிந்தால், நீங்கள் வர்ணிக்கிற இந்தச் சித்திரம் எனக்கு மிகவும் பழக்கமானது. கை நேர்த்தி இருக்கிறது, அறிவு இருக்கிறது, மொழி மட்டும் பிடிபடவில்லை. இதற்கு ‘வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு’ என்று பெயர். நெடுநாளாக ஆளுக்கொரு பெயரில் அழைத்துக்கொண்டிருந்தோம். உளவியலாளர் டோரதி பிஷப் முன்னின்று பல நாடுகளின் வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டு ஒருமித்த முடிவுக்குக் கொண்டுவந்த பிறகு, 2017 முதல்தான் இந்தப் பெயர் பரவலாக நிலைத்தது. இங்கிலாந்தில் பள்ளியில் சேரும் வயதுப் பிள்ளைகளிடம் கோர்ட்னி நார்பரி குழுவினர் நடத்திய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. வேறு எந்த மருத்துவக் காரணமும் சொல்ல முடியாத மொழிக் குறைபாடு ஏறத்தாழ 7.5 சதவீதம் பிள்ளைகளிடம் இருந்தது என்கிறது அது. உங்கள் வகுப்பின் 38 பேரில் கணக்குப் பார்த்தால் இரண்டு, மூன்று பேர். மற்றவர்கள் யார் என்று நீங்கள் இன்னும் கவனிக்காமல்கூட இருக்கலாம், ஏனென்றால் இவர்கள் சத்தம் போடுவதில்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் நேர்மாறாகக் குறும்பு செய்வார்கள். புரியாதவன் என்று பெயர் வாங்குவதைவிட அடங்காதவன் என்று பெயர் வாங்குவது ஒரு பிள்ளைக்குக் குறைந்த வலி.

‘எப்படிப் பேச வைப்பது’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், நம் வாயிலிருந்து அவனுக்கு என்ன போகிறது என்று பார்ப்போம்.

ஒரு வகுப்பில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒன்பது வயதுச் சிறுமி. ஆசிரியை ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட்டு, “படத்துக்கு வண்ணம் தீட்டுவதற்கு முன் உங்கள் பெயரை எழுதுங்கள்” என்றார். சிறுமி உடனே பச்சை நிறக் குச்சியை எடுத்தாள். இலையில் பாதி தீட்டுவதற்குள் ஆசிரியை வந்துவிட்டார். “சொன்னதைக் கேட்பதே இல்லையா?” சிறுமி குச்சியை வைத்துவிட்டாள். அந்த வகுப்பு முடியும்வரை அவள் மறுபடி எதையும் தொடவில்லை. பெயரும் எழுதவில்லை.

அவள் சொன்னதைக் கேட்டாள். கேட்ட வரிசையிலேயே செய்தாள். அந்த வாக்கியத்தில் வண்ணம்தான் முதலில் வருகிறது, பெயர் பிறகு வருகிறது. ‘முன்’ என்ற ஒரே ஒரு சொல் இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்புகிறது. மொழி கைகூடிய பிள்ளைகள் அதைக் கண நேரத்தில் திருப்பிக்கொள்வார்கள். இவளால் அது முடியவில்லை. “முதலில் பெயரை எழுதுங்கள். பிறகு வண்ணம் தீட்டுங்கள்” என்று இரண்டாக உடைத்துச் சொல்லியிருந்தால் அன்று அவள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருக்க மாட்டாள். ஆசிரியை மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். தமிழ் அப்படிப்பட்ட மொழி. வினை கடைசியில் வரும், அதற்கு முன் எத்தனை எச்சங்களை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். “புத்தகத்தை எடுத்து, பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து, மூன்றாவது கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, நோட்டை என்னிடம் கொண்டுவாருங்கள்.” நமக்கு இது ஒரு வாக்கியம். அந்தப் பையனுக்கு நான்கு வேலைகள். கடைசியில் கேட்ட ‘கொண்டுவாருங்கள்’ மட்டும் கையில் நிற்கும், வெறும் நோட்டோடு உங்கள் மேசைக்கு வந்து நிற்பான்.

இன்னும் நுட்பமான இடங்களும் உண்டு. ‘நாய் துரத்திய பூனை’, ‘நாயைத் துரத்திய பூனை’. நடுவில் ஓர் ‘ஐ’, ஓடுவது யார் என்பதே மாறிவிடுகிறது. வேகமாகப் படித்துக்கொண்டு போகும்போது அந்த உருபு அவன் காதில் நிற்பதே இல்லை. அவன் உலக அனுபவத்தை வைத்து ஊகிப்பான்: நாய்தானே துரத்தும்? கணக்கிலும் இதே கதை. “என்னிடம் எட்டுப் பந்துகள். தம்பியிடம் இருப்பதைவிட இது மூன்று அதிகம். தம்பியிடம் எத்தனை?” பதினொன்று என்று எழுதுவான். எட்டிலிருந்து மூன்றைக் கழிக்க அவனுக்கு நன்றாகத் தெரியும். ‘அதிகம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கூட்டிவிட்டான். அவனுக்குக் கணக்கு வராது என்று மதிப்பெண் அட்டை சொல்லும். உண்மையில் அவன் தோற்றது வாக்கியத்திடம். இதோடு, வீட்டில் பேசுகிற தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் உள்ள தூரம் வேறு. ‘ஒப்பிடுக’, ‘விளக்குக’, ‘வேறுபடுத்துக’ என்று வினாத்தாள் கட்டளையிடும்போது, இந்தச் சொற்களை யாரும் எந்தத் திண்ணையிலும் பேசி அவன் கேட்டதில்லை. இவற்றை அவனுக்கு யாராவது ஒருவர் உட்கார்ந்து, பொருள்களைக் கையில் வைத்துக் காட்டிக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை உங்கள் பேச்சைக் குறுக்குவது. குழந்தைத்தனமாகப் பேசச் சொல்லவில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை, நடக்க வேண்டிய வரிசையிலேயே. சொல்லிவிட்டுப் பலகையில் ஒரு சிறு படமோ சொல்லோ போடுங்கள்: புத்தகம், 12, கணக்கு 3, மேசை. காற்றில் கரைந்துபோன உங்கள் குரலைப் போல் இல்லாமல் அது அங்கேயே நிற்கும். அவன் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். அன்றைய வகுப்புகளின் வரிசையையும் படங்களாகப் பலகை ஓரத்தில் மாட்டிவிடுங்கள். 38 பேருக்கும் சேர்த்துத்தான் இதைச் செய்யச் சொல்கிறேன், அவனுக்கென்று தனியாக அல்ல. தனியாகச் செய்தால் ஒரு வாரத்தில் அது அவன் மேல் ஒட்டிய முத்திரையாகிவிடும்.

இரண்டாவது, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து ஓர் எளிய விஷயத்தை அளந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியே காத்திருக்கிறார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் மறுபடி கேட்கிறார்கள், இல்லையென்றால் வேறு பிள்ளையிடம் போய்விடுகிறார்கள். அதை மூன்று விநாடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது, பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். மொழிக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு மூன்று போதாது. நான் பத்து வரை மனத்துக்குள் எண்ணுவேன். முதல் முறை அது முடிவில்லாமல் நீள்வதுபோல் இருக்கும், மற்ற பிள்ளைகள் கை தூக்கித் துள்ளுவார்கள். அவர்களைச் சைகையால் அமர்த்துங்கள். அந்த நேரத்தில் அதே கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்டுவிடாதீர்கள். உதவி என்று நினைத்து நாம் செய்கிற பெரிய தவறு அது. பாதி வழி வந்தவன் புதிய வாக்கியத்தோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

“புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் சொல்வான். அப்படிச் சொன்னால் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள் என்பதை முதல் வகுப்பிலேயே கற்றிருப்பான். “முதலில் எதை எடுக்கப் போகிறாய்?” என்று கேளுங்கள். எடுத்துக் காட்டினாலே போதும். “மறுபடி சொல்லுங்கள், டீச்சர்” என்று கேட்க வகுப்பு முழுவதற்கும் கற்றுக்கொடுங்கள். யாராவது அப்படிக் கேட்கும் ஒவ்வொரு முறையும் முகம் மலர்ந்து திரும்பச் சொல்லுங்கள். இதைவிடப் பெரிய மொழித்திறன் அவனுக்கு இப்போது தேவையில்லை.

அவன் பேசும்போது தவறு வரும். “நேற்று மாமா வீட்டுக்குப் போவேன்” என்பான். ‘போவேன் இல்லை, போனேன், திருப்பிச் சொல்’ என்று நிறுத்தினால் அவன் சொல்ல வந்த மாமா வீடே மறந்துபோகும். “ஓ, நேற்று மாமா வீட்டுக்குப் போனாயா! அங்கே யார் இருந்தார்கள்?” என்று சரியான வடிவத்தை உங்கள் வாயால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். இப்படி நூறு முறை கேட்டால் ஒரு முறை அவன் வாயில் வரும். நூறு முறை என்பது மிகை அல்ல. மற்றப் பிள்ளைகள் நாலைந்து தடவை கேட்டுப் பிடித்துக்கொள்ளும் சொல்லை இவன் பல வாரங்கள், பல இடங்களில் கேட்க வேண்டியிருக்கும்.

இதனால்தான் அடுத்த பாடத்தின் சொற்களை முன்கூட்டியே அவனுக்கு அறிமுகப்படுத்தச் சொல்கிறேன். முழுப் பாடமும் வேண்டாம், ஐந்து சொற்கள் போதும். நீர்ச் சுழற்சிப் பாடம் என்றால் ஆவி, மேகம், குளிர்தல், துளி, கடல். சூடான நீர் உள்ள பாத்திரத்தின் மூடியைத் திறந்து காட்டுங்கள், மூடியின் உட்புறத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். ‘ஆவி’ என்ற சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது, எதோடு சேர்ந்தது, வேறு எங்கே பார்த்தாய் என்று இரண்டு நிமிடம் பேசுங்கள். மறுநாள் பாடம் நடக்கும்போது அவனுக்குத் தெரிந்த ஐந்து மேடுகளாவது அந்த வெள்ளத்தில் இருக்கும், கால் வைத்துத் தாண்டிக்கொள்வான். பெற்றோரிடம் அந்த ஐந்து சொற்களை எழுதி அனுப்பினால் அவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

பெற்றோர் என்றதும் அந்த இரண்டு மொழி விஷயம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: இரண்டு மொழிகள் கேட்டு வளர்வது மொழிக் குறைபாட்டை உண்டாக்காது. குறைபாடு இருந்தால் இரண்டு மொழியிலும் இருக்கும். ஒன்றை நிறுத்தினால் மற்றது தேறிவிடாது. பாட்டியோடு பேசிய மொழியை நிறுத்தினால் பாட்டியோடு பேசுவது நின்றுபோகும், அவ்வளவுதான். குறைவாகப் பேசும் பிள்ளைக்கு இருக்கிற ஓர் ஆளையும் குறைக்கலாமா? நிறுத்திய மொழியை மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். அவர்களிடம் பேசும்போது அவன் கழற்றி மாட்டுகிற திறமையிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். குறைபாடு என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்க வேண்டாம், அது பரிசோதித்தவரின் வேலை. “நீளமாகச் சொன்னால் தடுமாறுகிறான், காட்டினால் செய்துவிடுகிறான்” என்று நீங்கள் கண்டதைச் சொன்னால் போதும். வளர வளரத் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்கவும் சொல்லாதீர்கள். இரண்டு வயதில் அப்படிச் சொல்வதில் ஓரளவு பொருள் உண்டு, எட்டு வயதில் இல்லை.

இனி அந்தச் சிறுமி. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் பேசாத பிள்ளைகள்தான், ஆனால் இரண்டு மௌனமும் ஒரே மௌனம் இல்லை. அவனுக்குச் சொற்கள் கிடைப்பதில்லை. அவளுக்குச் சொற்கள் தொண்டை வரை வந்து அங்கேயே உறைந்துபோகின்றன. வீட்டில் பேசி, பள்ளியில் மட்டும் பேச முடியாமல் போவது ஒரு பதற்றக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980-இல் இதற்கு வைத்திருந்த பெயர், பிள்ளை தானே விரும்பிப் பேசாமல் இருப்பதான பொருளைத் தந்தது. 1994-இல் அந்தப் பெயரைக் கைவிட்டு, சில சூழல்களில் மட்டும் பேசாமை என்ற பொருள் தரும் பெயருக்கு மாற்றினார்கள். 2013-இல் பதற்றக் கோளாறுகளின் பட்டியலில் சேர்த்தார்கள். வீம்பு என்று நாம் இன்னமும் நினைத்தால் அந்தப் பழைய பெயரிலேயே நின்றுகொண்டிருக்கிறோம்.

அவளைப் பேச வைக்க முயல்வதை நாளையே நிறுத்திவிடுங்கள். பரிசு தருகிறேன் என்பதும் வற்புறுத்தல்தான். வருகைப் பதிவுக்குக் கை தூக்கினால் போதும் என்று சொல்லிவிடுங்கள். கழிப்பறைக்குப் போக ஒரு அட்டை கொடுங்கள், எடுத்துக் காட்டிவிட்டுப் போகட்டும். வாய் திறந்து கேட்க முடியாமல் நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். படம், அட்டை, சைகை எல்லாம் பேச்சை இன்னும் தள்ளிப்போட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். பேசத் தடுமாறும் பிள்ளைகளுக்கு மாற்று வழிகளைக் கொடுப்பது பேச்சைத் தடுப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நிபுணரின் வழிகாட்டலோடு ஒன்று செய்யலாம். பள்ளி விட்ட பிறகு காலி வகுப்பறையில் அவளும் அம்மாவும் விளையாடட்டும். அம்மாவோடு அவள் பேசத் தொடங்கியதும் நீங்கள் தாழ்வாரத்தில் நில்லுங்கள். இன்னொரு நாள் வாசலில். பிறகு உள்ளே, முதுகைக் காட்டிக்கொண்டு, உங்கள் வேலையைப் பார்த்தபடி. வாரங்கள் ஆகும். என்றாவது அவள் குரல் உங்கள் காதில் விழுந்தால் கை தட்டிவிடாதீர்கள், திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். அந்தக் குரல் சாதாரணமானது என்பதுபோல் இருங்கள்.

சிறப்புப் பள்ளி பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1994-இல் ஸ்பெயின் நாட்டின் சலமான்காவில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளிகளின் கதவு திறந்திருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 24-ஆம் பிரிவில் அதை உரிமையாகவே எழுதியது. நிர்வாகத்திடம் இவற்றைச் சொல்லலாம், சொல்லுங்கள். ஆனால் என் காரணம் இதைவிட எளிமையானது. மொழி என்பது சேர்ந்து பேசுகிறவர்களிடமிருந்து வருவது. ஆரம்ப ஆண்டுகளில் நான் பிள்ளைகளை வகுப்பிலிருந்து வெளியே அழைத்துப்போய்ச் சிறு அறையில் படஅட்டைகள் வைத்துக் கற்றுக்கொடுத்தேன். அங்கே அழகாகச் சொன்னார்கள். வகுப்புக்குத் திரும்பியதும் அந்தச் சொற்கள் அறையிலேயே தங்கிவிட்டன. தனிப் பயிற்சி தேவைதான், அது வகுப்பின் பேச்சோடு கட்டப்பட்டிருந்தால்தான் பயன் தரும் என்பதை அந்தப் பிள்ளைகளிடம் கற்றேன். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இந்த இருவரையும் அனுப்புவதற்கான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்காகப் பள்ளி இன்னும் எதையும் மாற்றிப் பார்க்கவில்லை.

தேர்வு பற்றி ஒரு வரி: வினாவைப் படித்துக் காட்டவும், வாய்மொழியாகவோ படம் வரைந்தோ அவன் பதில் தரவும், கூடுதல் நேரத்துக்கும் இப்போதே கேட்டு வையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தாளை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் தடுமாறும் ஒவ்வொரு முறையும் அவன் என்ன செய்தான் என்று எழுத வேண்டாம். அதற்குச் சற்று முன் நீங்கள் சொன்ன வாக்கியத்தை, சொன்னபடியே எழுதுங்கள். அவன் தடுமாறாமல் செய்த வேலைகளுக்கும் அப்படியே. பரிசோதனைக்குப் போகும்போது அந்தத் தாளைப் பெற்றோரிடம் கொடுத்தனுப்புங்கள். எந்தப் பேச்சு மொழி நிபுணருக்கும் அரை மணி நேரக் கேள்விகளைவிட அது அதிகம் சொல்லும். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த பதிலை அந்த வாக்கியங்களிலிருந்தே தொடங்குகிறேன்.